கொட்டாவிப் பரீட்சை

எங்கள் தெருவில் யாராவது பட்டப்பகலில் நடைபாதையில் நின்று, தலையை இடவலமாக உதறி, வாயை ஆவென்று பிளந்து கொட்டாவி விட்டால், பாவம் தூக்கம் கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் இயர்போன் வாங்க வந்தவர். இந்தக் கூத்துக்கெல்லாம் மூலகாரணம் என் கடைக்கு நேர் எதிரே சலூன் வைத்திருக்கும் அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை. பதினோரு வருஷமாக எதிர்க்கடையிலிருந்து என் வியாபாரத்தில் மூக்கை நுழைக்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? தெருக்காரர்கள் அவரைக் 'காதுக்காரர்' என்பார்கள்.

என் கடை ஆறடிக்கு எட்டடி. செல்போன் உறை, சார்ஜர், திரைக்கு ஒட்டும் கண்ணாடி, இயர்போன், இவைதான் சரக்கு. பெரிய கம்பெனிப் பொருள் எதுவும் கிடையாது. எல்லாம் சாமானியர் யோசிக்காமல் வாங்கும் விலை. எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும் என்று பேசிக்கொள்கிறார்கள். பொய். மிகச் சீக்கிரம் வரும்.

அண்ணனுக்குக் காது பிடிபட்ட கதையே என் கோபத்தில்தான் தொடங்கியது. ஒருநாள் தபால்காரர் வந்து, முந்தின நாள் வாங்கிய இயர்போனை என் மேசைமேல் விசிறினார். பத்தடி நடந்தால் கழன்று விழுகிறதாம். வேறு மாற்றித் தர வேண்டுமாம். என் கடையில் ஒரு பலகை தொங்குகிறது: 'காதுக்குள் போனது கடைக்குத் திரும்பாது.' சுத்தம் கருதி எழுதி வைத்தது. நான் பலகையைக் காட்டினேன், அவர் காதைக் காட்டினார். வார்த்தை தடித்தது. சிவந்த முகத்தோடு எதிர்ச் சலூனுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். என்னை வெட்ட முடியாத ஆத்திரத்தில் முடியையாவது வெட்டிக்கொள்வோம் என்று நினைத்திருப்பார்.

அண்ணன் காதோரம் கத்தரி வைக்கும்போதும் அவர் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தாராம். அண்ணன் கத்தரியை நிறுத்தி, காதை மடக்கி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சார், அவன் மேலயும் குத்தம் இல்ல, உங்க மேலயும் குத்தம் இல்ல. உங்க காதோட வாசல் முன்பக்கம் பாத்து இருக்கு. இயர்போன்ல நேரா நிக்கிற குழாய் அதுல தங்காது. சாய்ஞ்ச குழாய் வெச்சதாக் கேளுங்க. குழாய் நுனியில மாட்டுற ரப்பர் சின்னது போடச் சொல்லுங்க. மாட்டும்போது காதைக் கொஞ்சம் மேல இழுத்துக்குங்க."

பாதித் தலை வெட்டியபடி, கழுத்தில் துணியோடு தபால்காரர் சாலையைக் கடந்து வந்தார். அந்தக் கோலத்தைப் பார்த்த பிறகு யாரால் சண்டை போட முடியும்? சொன்னபடியே ஒன்று எடுத்துக் கொடுத்தேன். முதலில் வாங்கியதைவிட அது விலை குறைவு என்பது எனக்குத் தனி எரிச்சல். மாட்டினார். தலையை உதறினார், விழவில்லை. குதித்தார், விழவில்லை. காலையிலிருந்து மாடி மாடியாக ஏறி இறங்கிய அலுப்பில், தன்னையறியாமல் ஒரு பெரிய கொட்டாவி விட்டார். அப்போதும் அது அசையவில்லை.

"கொட்டாவி விட்டும் விழலைய்யா!" என்று அவர் போட்ட கூச்சல் தெருமுனை வரைக்கும் கேட்டது. கொட்டாவிப் பரீட்சை பிறந்தது அன்றைக்குத்தான்.

யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதர் இருபத்தாறு வருஷமாக, நாளுக்கு இருபது தலை பார்க்கிறார். தலைக்கு இரண்டு காது. காது வைத்தியர்கூட வலி வந்த காதைத்தான் பார்ப்பார். அண்ணன் பார்ப்பதெல்லாம் ஒரு வேலையும் இல்லாமல் சும்மா இருக்கும் காது. அவற்றை அவர் மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்: நேர்வாசல், சாய்வாசல், முட்டுச்சந்து. முட்டுச்சந்து என்றால் உள்ளே நுழைந்ததும் சட்டென்று திரும்பிவிடும் காது. அதில் எதைப் போட்டாலும் இடிக்கும், குட்டைக் குழாய்தான் ஒரே வழி. முடி வெட்டி, கழுத்தில் பவுடர் தட்டி, கையில் ஒரு துண்டுச்சீட்டையும் கொடுத்து என்னிடம் அனுப்புவார். 'சாய்வாசல். ரப்பர் நடுத்தரம். லைட்டு வேண்டாம்.' நான் மருந்துக்கடைக்காரன் மாதிரி சீட்டைப் பார்த்துக் கட்டிக் கொடுப்பேன்.

அந்த 'லைட்டு வேண்டாம்' எனக்கு வைத்த ஆப்பு. ஒயர் இல்லாமல், காதில் நீலமாக மின்னும் ரகம் ஒன்றை இரண்டு பெட்டி இறக்கி வைத்திருந்தேன். அண்ணன் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "தம்பி, இந்த லைட்டு காதுக்கா, கண்ணுக்கா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அப்போது கடையில் ஆறு பேர் இருந்தார்கள். அந்த இரண்டு பெட்டியும் இன்றைக்கும் என் தலைக்கு மேலே அலமாரியில் அப்படியே இருக்கின்றன.

அவர் உபதேசங்களைச் சொல்ல ஆரம்பித்தால் ஓயாது. "மூணு கட்டிங் விலைக்கு மேல போகாதே, அதுக்கு மேல குடுக்கிற காசு டப்பாவுக்கு." "ரப்பர் காதை அடைக்கணும், அழுத்தக் கூடாது. சட்டைக் காலர் மாதிரி, போட்டதே தெரியக் கூடாது." "டம் டம்முனு மட்டும் கேட்டா அது பாட்டு இல்ல, பக்கத்து வீட்டுல சுவர் இடிக்கிறாங்க. பாடுறவங்க மூச்சு வாங்குறது கேக்குதா பாரு, கேட்டா வாங்கு." இவ்வளவும் சொல்கிற மனிதர் தன் காதில் ஒருநாளும் இயர்போன் மாட்டியதில்லை. வாடிக்கையாளர்கள் வந்து சொன்னதைக் கேட்டுக் கேட்டே தேறினவர். கேட்டால், "நாள் பூரா பேசுறவனுக்கு அது எதுக்கு?" என்பார். அதுவும் நியாயம்தான்.

இப்படி ஊர்க் காதையெல்லாம் கரைத்துக் குடித்த மனிதர் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

அண்ணி, அதாவது அண்ணன் மனைவி, ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பகுதியில் பதினேழு வருஷமாக வேலை பார்க்கிறார். பேச்சு குறைவு, சிரிப்பு அதைவிடக் குறைவு, ஆனால் வரும்போது நல்ல சிரிப்பு. அன்றைக்கு அந்த நல்ல சிரிப்போடு என் கடைக்கு வந்தார். ஊருக்கு வெளியே திறந்திருக்கும் புதுத் தொழிற்சாலைக்கு அவரை மேற்பார்வையாளராகப் போட்டிருக்கிறார்கள். திங்கள்கிழமையிலிருந்து போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் பேருந்து.

"தம்பி, ரெண்டு மணி நேரம் சும்மா உக்காந்து போகணுமாம். பாட்டுக் கேட்டுட்டுப் போலாம்னு ஆசையா இருக்கு. எனக்கு ஒண்ணு குடுங்க" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் எதிரிலிருந்து அண்ணன் வந்துவிட்டார். கையில் சீப்பு வேறு.

"அவனை ஏன் கேக்குற? ஊர்க் காதுக்கெல்லாம் பாத்துக் குடுக்குற ஆளு இங்க நிக்கிறேன். உன் காது எனக்குத் தெரியாதா?"

அண்ணி அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். "அப்ப நான் எதுவும் பாக்கல. நீங்களே எடுத்துட்டு வாங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள" என்று சொல்லிவிட்டு, கை வீசி, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி நடந்து போனார்.

அண்ணன் சிரித்தபடி என் பக்கம் திரும்பினார். "எடு தம்பி..." என்றார். கை நீட்டியபடியே நின்றார். சிரிப்பு மெல்ல மெல்லக் காணாமல் போனது.

"எதை எடுக்க?" என்றேன்.

"இரு."

"நேர்வாசலா, சாய்வாசலா?"

"இருடான்னா!"

கண்ணை மூடினார். நெற்றியைத் தேய்த்தார். பிறகு என் மேசைமேல் குனிந்து, இந்த உலகத்தில் எந்த மனிதரும் இன்னொரு மனிதரிடம் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டார். "தம்பி, உங்க அண்ணி காது எப்படி இருக்கும்?"

"அண்ணே! உங்க வீட்டுக்காரம்மா காதை நான் எதுக்குப் பாக்கப் போறேன்?"

விஷயம் இதுதான். அண்ணிக்கு அடர்த்தியான முடி. இரண்டு காதையும் மூடி, பிடரியில் தாழ்வாகச் சேர்த்துக் கட்டுவார். தொழிற்சாலையில் தலையோடு காதையும் மறைக்கும் தொப்பி. ஆனாலும் இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அண்ணன் பார்க்காமலா இருந்திருப்பார்? பார்த்திருக்கிறார். கவனித்ததில்லை. தபால்காரரின் காதை வரைந்தே காட்டுவார், மனைவியின் காது மட்டும் ஞாபகத்துக்கு வரமாட்டேன் என்கிறது.

"அண்ணே, வீட்டுக்குப் போயி நேராப் பாத்துட்டா முடிஞ்சுது" என்றேன்.

"பாத்தா 'என்ன பாக்குறீங்க'ன்னு கேப்பாளே. தெரியும்னு சொல்லிட்டேனேடா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு குரல் இறங்கியது. "இத்தனை வருஷத்துல அவ தனக்குன்னு என்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான். தப்பா வாங்கிக் குடுத்தா அவ திட்டமாட்டா, தம்பி. 'சரி, பரவால்ல'ன்னு சொல்லிட்டு டப்பாவுல போட்டு வெச்சிடுவா. அந்தப் 'பரவால்ல'யைத்தான் என்னால தாங்க முடியாது."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை வெள்ளிக்கிழமை காலை தொடங்கியது. முதலில் கல்யாண ஆல்பத்தோடு வந்தார். நாற்பது படம் இருந்தது. எல்லாவற்றிலும் அண்ணன் காது தெளிவாகத் தெரிந்தது. அண்ணி காது ஒன்றில்கூட இல்லை. பிறகு அண்ணியின் பழைய வேலை அட்டையை எங்கிருந்தோ தேடி எடுத்து வந்தார். அதில் முடியை ஒதுக்கிவைத்து எடுத்த படம். ஆனால் எந்தப் புண்ணியவான் குத்தினானோ, தொழிற்சாலையின் வட்ட முத்திரை அளவெடுத்த மாதிரி வலது காதின்மேல் இறங்கியிருந்தது. இடது காது படத்துக்கு வெளியே போய்விட்டது. என் கடையிலிருந்த பூதக்கண்ணாடியை வைத்து அரை மணி நேரம் பார்த்தோம். முத்திரையில் 'தரம்' என்ற எழுத்து மட்டும் தெரிந்தது.

சனிக்கிழமை, முடியைத் தூக்கிப் போடும் கிளிப் ஒன்று வாங்கிப் போய்க் கொடுத்தார். அண்ணி அதை ரொட்டிப் பொட்டலத்தை மூடப் பயன்படுத்திக்கொண்டார். மத்தியானம் சாப்பிடும்போது, "அசையாதே, காதுல கொசு" என்று கையை நீட்டியிருக்கிறார். அண்ணி அதற்கு முன்பே தன் காதில் தானே படாரென்று ஒன்று வைத்துக்கொண்டு, "போச்சா?" என்று கேட்டிருக்கிறார். இதை அண்ணன் என்னிடம் சொன்னபோது நான் சிரித்த சிரிப்பில் மேசையிலிருந்த ரப்பர் டப்பா கவிழ்ந்து, சின்னதும் பெரிசும் நடுத்தரமும் கலந்து போயின. பொறுக்கிப் பிரிக்க ஒரு மணி நேரம் ஆனது. அண்ணனும் தரையில் உட்கார்ந்து பொறுக்கினார். ஒரு ரப்பரை விரலில் மாட்டிக்கொண்டு, "இதுல எது அவளோடது?" என்று அவர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சலூனில் கூட்டம் நெரியும் நாள். என் கடையிலிருந்த சாம்பிள் பெட்டியை அண்ணன் காலையிலேயே வாங்கிப் போய்விட்டார். மாட்டிப் பார்ப்பதற்கென்று நான் தனியாக வைத்திருக்கும் இயர்போன்களும் எல்லா அளவு ரப்பரும் அதில் இருக்கும். எல்லாம் ஸ்பிரிட்டில் துடைத்தவை. ஏதோ ஒரு தெய்வம் கண் திறக்கும் என்று அதைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தார். பன்னிரண்டு மணிக்கு அண்ணி வந்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சலூனுக்குள் அவர் கால் வைத்ததில்லை. நான் என் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். எவன் எதைத் திருடினாலும் திருடட்டும்.

உள்ளே காத்திருந்தவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். ஒருவர் தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அண்ணி யாரையும் பார்க்கவில்லை.

"எங்க என்னோடது?" என்றார்.

அண்ணன் பெட்டியைத் திறந்தார். ஒன்றை எடுத்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார். அதையும் வைத்துவிட்டார்.

"எனக்குத் தெரியல" என்றார். "ஊர்ல இருக்கிற காதெல்லாம் தெரியுது. உன் காது ஞாபகத்துக்கு வரல. சும்மா ஜம்பமாச் சொல்லிட்டேன்."

அண்ணியின் முகம் ஒரு கணம் வாடியதை நான் கண்ணாடியில் பார்த்தேன். நாற்காலியில் பாதிச் சவரத்தோடு இருந்த தபால்காரர் சத்தமில்லாமல் எழுந்து சுவரோரம் ஒதுங்கினார். அண்ணி அந்த நாற்காலியைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், போய் உட்கார்ந்தார்.

"சரி. இப்பப் பாருங்க."

அண்ணன் பழக்கதோஷத்தில் துணியை உதறி அவர் கழுத்தில் கட்டினார். நாற்காலியை மிதித்து உயர்த்தினார். சீப்பை எடுத்தார். "மீடியமா, ஷார்ட்டா?" என்றும் கேட்டுவிட்டார்.

அண்ணி சிரித்தார் பாருங்கள்! துணிக்குள்ளே தோள் இரண்டும் குலுங்கின. ஏழு செய்தித்தாள்களும் குலுங்கின. அண்ணன் மட்டும் சிரிக்காமல், வலது பக்க முடியை மெதுவாக ஒதுக்கிப் பார்த்தார். இடது பக்கம் வந்து பார்த்தார். மறுபடி வலது பக்கம் போனார். காதுக்குப் பின்னால் விரல் வைத்தார்.

"இது என்ன, காய்ச்சுப் போயிருக்கு?"

"பேனா. தொப்பிக்குள்ள செருகி வெச்சுக்குவேன். பொட்டலம் எண்ணி எழுதணுமில்ல? பதினேழு வருஷமா."

அண்ணன் அந்தத் தழும்பை விரலால் ஒருமுறை தடவினார். பிறகு தீர்ப்புச் சொன்னார். "இடது நேர்வாசல், ரப்பர் நடுத்தரம். வலது முட்டுச்சந்து, சின்னது. காதுக்குப் பின்னால சுத்துற ரகம் வேண்டாம், தழும்புல உரசும். ஒயர் கீழ தொங்குற ரகம், குட்டைக் குழாய்." அளவு மாற்றி இரண்டு ரப்பரையும் போட்டு, அவரே மாட்டிவிட்டார். அண்ணி தலையை உதறினார். கையால் வாயை மூடிக்கொண்டு சின்னதாக ஒரு கொட்டாவி விட்டார்.

"அதெல்லாம் செல்லாது! நல்லாப் பெருசா!" என்று தபால்காரர் கத்தினார். அண்ணி கையை எடுத்துவிட்டு ஆவென்று விட்டார். அசையவில்லை. சலூனே கைதட்டியது. தொடர்ந்து ஏழு பேரும் வரிசையாகக் கொட்டாவி விட்டார்கள், அந்த வியாதிதான் தொற்றுவியாதி ஆயிற்றே.

அத்தோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "அண்ணி, அண்ணன் காது மட்டும் உங்களுக்குத் தெரியுமாக்கும்?" என்று கேட்டுவிட்டேன்.

"தெரியாம?" என்றார் அண்ணி. அண்ணனைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். பெட்டியில் கையை விட்டு, சாய்ந்த குழாய் ஒன்றை எடுத்து, பெரிய ரப்பர் மாட்டி, யோசிக்காமல் அவர் இடது காதில் வைத்துத் திருகினார். "விடுங்க கொட்டாவி." விட்டார். ஆணி அடித்த மாதிரி நின்றது. இருபத்தாறு வருஷத் தொழில்காரரின் வித்தையை, ஒருநாளும் கத்தரி பிடிக்காதவர் ஒரே முயற்சியில் செய்து காட்டினார்! நாங்கள் விசிலடித்தோம்.

அதே அளவில் இன்னொன்றை வலது காதில் வைத்தார். விழுந்தது. நடுத்தரம் போட்டார், விழுந்தது. சின்னது போட்டார், அது கொட்டாவி வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை. அண்ணி விழுந்ததைக் கையில் வைத்துக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"இந்தப் பக்கக் காது எனக்குப் பழக்கமில்ல" என்றார்.

"அதெப்படி?" என்றார் அண்ணன்.

"வீட்டுல சோபாவுல நான் எப்பவும் உங்க இடது பக்கம்தானே உக்காருறேன். நீங்க டிவியப் பாக்குறீங்க. நான் இந்தக் காதைப் பாத்துத்தான் பேசுறேன். எல்லாத்தையும் இதுகிட்டதான் சொல்லியிருக்கேன்."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ரொட்டிப் பொட்டலக் கணக்குச் சொல்வது மாதிரி, உள்ளதைச் சொன்னார். அண்ணன் நாற்காலியைத் தானே சுழற்றி, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, அண்ணிக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தார். நாங்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து நடைபாதையில் நின்றுகொண்டோம். தபால்காரர் பாதிச் சவரத்தோடு வெயிலில் இருபது நிமிஷம் நின்றார், முணுமுணுக்கவில்லை.

திங்கள்கிழமை காலை ஏழே முக்காலுக்கு அண்ணியின் பேருந்து எங்கள் தெரு வழியாக வந்தது. அண்ணன் ஒரு வாடிக்கையாளரின் தலையைப் பாதியில் விட்டுவிட்டு, கத்தரியோடு வாசலுக்கு ஓடி வந்தார். ஜன்னலோரம் அண்ணி. முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளி, பளிச்சென்று காது தெரிய உட்கார்ந்திருந்தார், ஒயர் கீழே தொங்க. எங்களைப் பார்த்ததும் வாயை எவ்வளவு அகலமாகத் திறக்க முடியுமோ அவ்வளவு அகலமாகத் திறந்து ஒரு கொட்டாவி விட்டார். விழவில்லை. அண்ணன் சாலையோரம் நின்று பதிலுக்கு ஒன்று விட்டார். எனக்கும் வந்துவிட்டது.

பேருந்து தெருமுனையில் திரும்பி மறைந்த பிறகும் அண்ணன் அங்கேயே நின்றார். நான் சும்மா வம்புக்கு, "என்னண்ணே, நேத்து டிவியில என்ன ஓடுச்சு?" என்று கேட்டேன்.

"தெரியல தம்பி" என்றார். "நேத்து அவ வலது பக்கம் உக்காந்தா. நான் திரும்பி உக்காந்துட்டேன்."